பவர் டில்லர் பராமரிப்பு: வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலைகள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதிகளில் மரவள்ளி, மஞ்சள், நிலக்கடலை, கரும்பு, வாழை ஆகியவற்றைப் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் இன்று உழவு மாடுகளுக்குப் பதிலாகப் பவர் டில்லரையே நம்பியிருக்கிறார்கள். இரண்டு மூன்று ஏக்கர் நிலத்தில் பெரிய டிராக்டர் திரும்ப இடம் போதாது. வரப்பைச் சிதைக்காமலும், தென்னை, பாக்கு வரிசைகளுக்கு இடையில் புகுந்தும் உழுவதற்குப் பவர் டில்லர் ஏற்ற எந்திரம். சிலர் இதை அரசு மானியத்தில் வாங்கியிருக்கிறார்கள். சிலர் பழைய வண்டியை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிறார்கள். எப்படி வாங்கியிருந்தாலும், விதைக்கும் வாரத்தில் அது நின்றுபோனால் ஏற்படும் நட்டம் ஒன்றேதான்.

இக்கட்டுரையை எழுதுபவன் பயிரியல் ஆசிரியனே தவிர, எந்திரப் பொறியாளன் அல்லன். ஆயினும் பட்டம் தவறியதால் விளைச்சல் குறைந்த வயல்களைப் பார்வையிடும்போது, காரணம் விதையிலோ உரத்திலோ இல்லாமல் கொட்டகையில் நிற்கும் எந்திரத்தில் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இராசிபுரம் பக்கத்தில் ஓர் ஆடிப் பட்டத்தின்போது நடந்தது நினைவில் இருக்கிறது. நல்ல மழை பெய்து, மானாவாரிக் கடலை விதைக்க ஈரம் போதுமான அளவு இருந்தது. அந்த விவசாயியின் பவர் டில்லர் நீலப் புகை கக்கியது. மேட்டில் ஏறத் திணறியது. "போன வருசம் வரைக்கும் நல்லாத்தானுங்க சார் ஓடுச்சு" என்றார் அவர். காற்று வடிகட்டியின் கிண்ணத்தைக் கழற்றச் சொன்னேன். உள்ளே ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. செம்மண் புழுதி மட்டும் காய்ந்து கட்டியாக இருந்தது. எஞ்சினைப் பிரித்தபோது லைனரும் பிஸ்டன் ரிங்குகளும் தேய்ந்து போயிருந்தன. வண்டி பட்டறையிலிருந்து திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் நிலம் காய்ந்துவிட்டது. மாதத்துக்குச் சில நூறு மில்லி எண்ணெய் ஊற்றி, கால் மணி நேரம் செலவிட்டிருந்தால் இந்தச் செலவும் இல்லை, பட்டமும் தவறியிருக்காது.

நம் மண்ணில் இந்த எந்திரம்

பவர் டில்லர் 1960-களில் ஜப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. பெங்களூரில் 1967-ல் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியுடன் கூட்டு வைத்தும், 1973-ல் தொடங்கப்பட்ட காம்கோ என்னும் கேரள அரசு நிறுவனம் குபோட்டாவின் தொழில்நுட்பத்தைக் கொண்டும் இதை இங்கேயே உற்பத்தி செய்தன. காம்கோ இருப்பது எர்ணாகுளம் மாவட்டத்து அத்தாணியில். நம் அந்தியூரை அடுத்த அத்தாணி அன்று.

ஜப்பானில் இது பெரும்பாலும் நெல் வயலின் ஈரத்தில் உழைத்த எந்திரம். பரமத்தி வேலூர், மோகனூர் பகுதிகளில் ராஜா வாய்க்கால் பாசனத்தில் சேறு உழுபவர்களுக்கு அதே நிலைமைதான். ஆனால் இராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர், ஓமலூர், திருச்செங்கோடு வட்டாரங்களில் இது காய்ந்த செவ்வல் நிலத்தில் கத்தியைச் சுழற்றி, தானே கிளப்பிய புழுதியை நாள் முழுவதும் தானே சுவாசிக்கிறது. எனவே கையேட்டில் குறித்துள்ள பராமரிப்புக் கெடுவை நம் பகுதியில் பாதியாகக் குறைத்துக் கொள்வது நல்லது. கையேட்டிலேயே "புழுதி மிகுந்த இடங்களில் அடிக்கடி" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி நமக்காகவே எழுதப்பட்டது என்று கொள்ளலாம்.

காற்று வடிகட்டி

மெக்கானிக்குகள் ஏர் கிளீனர் என்று சொல்லும் இந்தப் பாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பவர் டில்லரின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு ஏறக்குறைய 650 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் அது 1000 முறை காற்றை உள்ளிழுக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் 30 ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்று உள்ளே போகிறது. 200 லிட்டர் டீசல் பீப்பாயில் அளந்தால் 150 பீப்பாய்க்குக் குறையாது. இவ்வளவு காற்றோடும் வரும் மண்துகள் சிலிண்டருக்குள் போய் எஞ்சின் ஆயிலோடு கலந்தால், அது உப்புத்தாள் போல லைனரையும் ரிங்கையும் அராவிவிடும். நம் செம்மண்ணில் உள்ள மணல் துகள் இரும்பையே தேய்க்கும் கடினம் உடையது.

பெரும்பாலான பவர் டில்லர்களில் இருப்பது எண்ணெய்க் கிண்ண வடிகட்டி. வெளிக்காற்று கீழ்நோக்கி வந்து, கிண்ணத்திலுள்ள எண்ணெயின் மேல் மோதித் திடீரென மேலே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் கனமான துகள்கள் திரும்ப இயலாமல் எண்ணெயில் விழுந்து தங்குகின்றன. மீந்த நுண்துகள்களை எண்ணெயில் நனைந்த கம்பிவலை பிடித்துக்கொள்கிறது. எண்ணெய் இல்லாவிட்டால் இந்த இரண்டு வேலையும் நடக்காது. வலை இருப்பதாலேயே காற்று சுத்தமாகிவிடும் என்று எண்ணுவது தவறு.

புழுதி உழவு நடக்கும் நாட்களில் தினமும் மாலையில் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். குச்சியை விட்டால் அடியில் அரை அங்குலம் சேறு தங்கியிருந்தாலோ, எண்ணெய் கூழாகியிருந்தாலோ உடனே மாற்ற வேண்டும். பழைய எண்ணெயைக் கொட்டி, கிண்ணத்தை மண்ணெண்ணெய் அல்லது டீசலில் கழுவித் துடைக்கவும். கம்பிவலையையும் அவ்வாறே அலசி, உதறி, நிழலில் வடியவிட்டு மாட்டவும். பெட்ரோலில் கழுவுவது ஆபத்து. பிறகு எஞ்சினுக்கு ஊற்றும் அதே தரத்துப் புதிய எண்ணெயைக் கிண்ணத்தில் உள்ள கோடு வரை ஊற்றவும். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயையே கிண்ணத்துக்கு ஊற்றும் சிக்கனம் சிலரிடம் இருக்கிறது. அதில் ஏற்கெனவே அழுக்கு நிறைந்திருப்பதால் புழுதியைப் பிடிக்கும் திறன் குறைந்துவிடும்.

கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தீங்கே. எண்ணெய் கூடினால் எஞ்சின் அதை உறிஞ்சி, டீசலோடு சேர்த்து எரிக்கத் தொடங்கும். அப்போது திராட்டிலைக் குறைத்தாலும் வேகம் குறையாமல் எஞ்சின் தறிகெட்டு ஓடும். டீசல் குழாயை மூடினாலும் நிற்காது. டிகம்ப்ரஷன் லீவர் உள்ள வண்டியில் அதைத் தூக்க வேண்டும். இல்லையேல் காற்று உள்ளே போகும் வாயைத் தடித்த பலகை கொண்டு அடைக்க வேண்டும். கையையோ துணியையோ வைக்கக் கூடாது.

வடிகட்டி நன்றாக இருந்தும் எஞ்சின் தேய்வது உண்டு. அப்படியானால் வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைப் பாருங்கள். வெடிப்போ, தளர்ந்த கிளிப்போ இருந்தால் காற்று குறுக்கு வழியில் போகிறது. குழாயைக் கழற்றி உட்புறம் விரலால் தடவினால் விரலில் மண் ஒட்டக் கூடாது. நறநறவென்று இருந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி ஒருநாள் ஓட்டலாம், ஒரு பருவம் ஓட்டலாகாது.

மினி டிராக்டர்களில் பெரும்பாலும் காகித வடிகட்டி இருக்கும். இதை மண்ணெண்ணெயிலோ தண்ணீரிலோ நனைக்காமல், உள்ளிருந்து வெளியே குறைந்த அழுத்தக் காற்றை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை முழு வேகத்தில் பீய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். உள்ளே விளக்கு வைத்துப் பார்த்தால் ஓட்டை தெரியும்.

எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும்

ஆயில் அளவைப் பார்க்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவுக்குச்சியை எடுக்க வேண்டும். டீசல் எஞ்சினில் ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும். கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அழுக்கைத் தன்னுள் தாங்கியிருப்பது அதன் வேலை. பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அளவு தானாகவே கூடியிருந்து, முகர்ந்தால் டீசல் நாற்றம் வந்தால் டீசல் கீழே இறங்குகிறது. இவ்விரண்டு நிலையிலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

ஆயிலை 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான வழக்கம். உங்கள் வண்டிக்கு உரிய கெடுவையும் ஆயில் தரத்தையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும். பல பவர் டில்லர்களில் மணிக்கணக்குக் காட்டும் மீட்டர் இருப்பதில்லை. அதனால் "போன தைக்கு மாத்தினது" என்கிற கணக்கிலேயே காலம் ஓடிவிடுகிறது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. 12 குதிரைத் திறனுள்ள பவர் டில்லர் ரொட்டவேட்டரில் மணிக்குச் சுமார் கால் ஏக்கர் உழும். ஆகவே ஓர் ஏக்கரை ஒருமுறை ஓட்ட நான்கு மணி நேரம். அப்படிப் பார்த்தால் 25 ஏக்கர் ஓட்டம் 100 மணி நேரம் ஆகிறது. ஒரே ஏக்கரை இருமுறை உழுதால் இரண்டு என்று கணக்கு. கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு வந்தாலே போதும். புழுதி உழவில் 15 ஏக்கர் ஓட்டத்துக்கே மாற்றிவிடுவது என் பரிந்துரை.

ஆயிலை எஞ்சின் சூடாக இருக்கும்போதே இறக்க வேண்டும். ஆறிய பின் இறக்கினால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். இறக்கிய ஆயிலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம்.

கியர் பெட்டியையும் ரொட்டவேட்டர் செயின் பெட்டியையும் எட்டிப் பார்ப்பவர் குறைவு. சேற்று உழவு முடிந்த பிறகு இவற்றில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வண்டியை இரவு முழுவதும் அசைக்காமல் நிறுத்தி, காலையில் அடி போல்ட்டை மெதுவாகச் சிறிதளவு தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. ஆகையால் உள்ளே இருந்தால் அதுவே முதலில் சொட்டும். வரும் எண்ணெய் வெண்மையாகக் கலங்கியிருந்தாலும் தண்ணீர் புகுந்ததாகவே பொருள். ஆயில் சீல் தேய்ந்திருக்கும். முழு எண்ணெயையும் மாற்றி, சீலையும் மாற்றினால் பேரிங் பிழைக்கும்.

சீல் கெடுவதற்கு நம் பகுதியில் இப்போது ஒரு புதுக் காரணம் சேர்ந்திருக்கிறது. மஞ்சளுக்கும் மரவள்ளிக்கும் போட்ட சொட்டுநீர்க் குழாய்த் துண்டுகள், உரச்சாக்கு நூல், நிலப்போர்வைத் தாள் கிழிசல் ஆகியவை கத்தித் தண்டில் சுற்றி, உராய்வில் சூடேறி, சீலின் உதட்டையே அறுத்துவிடுகின்றன. உழவுக்கு முன்பு நிலத்தை ஒருமுறை நடந்து இவற்றைப் பொறுக்க வேண்டும். மாலையில் தண்டின் இரு முனைகளிலும் சுற்றியிருப்பதை அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டும். அப்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். கிளட்சை விலக்கிவிட்டு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கத்தியில் கைவைத்து விரல் இழந்தவர்கள் உண்டு.

டீசல் வரும் வழி

டீசல் எஞ்சினில் விலை உயர்ந்த பாகங்கள் பம்பும் நாசிலும். இரண்டையும் கெடுப்பவை தூசியும் தண்ணீரும். டீசலை மூடியுள்ள கேனில் ஒருநாள் தெளியவிட்டு, அடியில் இரண்டு விரற்கடை மீதம் வைத்து மேலாக ஊற்றவும். புனலில் சன்னமான வலையோ, நூல் உதிராத துணியோ இருக்கட்டும். வேலை முடிந்த மாலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுவது நல்லது. பாதித் தொட்டியில் இரவுக் குளிரில் நீர் வியர்த்து டீசலோடு சேரும். வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தெரிந்தால் கழற்றிக் கொட்டிவிடவும்.

தொட்டி காய்ந்து நின்றுபோனாலோ, வடிகட்டியை மாற்றினாலோ, குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். அப்போது எத்தனை முறை சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. ஆள் களைத்துப் போவதுதான் மிச்சம். முதலில் டீசல் குழாயைத் திறந்து, வடிகட்டியின் மேலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தவும். குமிழியோடு வரும் டீசல் குமிழி இல்லாமல் வரத் தொடங்கியதும் முடுக்கவும். அடுத்துப் பம்புக்குள் நுழையும் இடத்தில் அவ்வாறே செய்யவும். கடைசியாக நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, டீசல் கசியும் வரை எஞ்சினைச் சுற்றி, நட்டை முடுக்கவும். இப்போது எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

இதற்கு மேல் பம்பையோ நாசிலையோ வீட்டில் பிரிக்க வேண்டாம். நாசில் ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிறது. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் அதிகம் இராது. தாமதித்தால் விரலையே எடுக்க நேரும். அப்படி நேர்ந்தால் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்காராமல், உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய் "டீசல் பீய்ச்சி உள்ளே போயிற்று" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நல்ல வேளையாக நாசில், பம்பு வேலைக்கு நாம் அலைய வேண்டியதில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரித் தொழிலும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டித் தொழிலும் வளர்ந்திருப்பதால், நாசில் சோதிக்கும் கருவியும் கடைசல் பட்டறையும் நம் ஊர்களில் அருகிலேயே கிடைக்கின்றன. ஒன்று மட்டும் கவனிக்கவும்: லாரி எஞ்சினில் கைதேர்ந்தவர் பவர் டில்லரின் வால்வு இடைவெளியையும் நாசில் அழுத்தத்தையும் ஞாபகத்திலிருந்து வைத்துவிடக் கூடும். கையேட்டை எடுத்துச் சென்று அளவைக் காட்டுங்கள்.

புகையைப் பார்த்து நோயை ஓரளவு அறியலாம். கறும்புகை வந்தால் பளு அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைப்பு, அல்லது நாசில் ஒழுகல். முதல் இரண்டையும் நீங்களே சரிபார்த்துவிட்டுப் பிறகு நாசிலுக்குப் போகவும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது; ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது சற்று நேரம் வெண்புகை வருவது இயல்பு. சூடான பிறகும் வந்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம் அல்லது நாசில் சரியாகப் பீய்ச்சவில்லை.

குளிர்விக்கும் தண்ணீர்

நம் பகுதிக் கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உப்பு அதிகம். வீட்டுச் சோற்றுப் பானையில் வெள்ளையாகப் படியும் அதே படிவு எஞ்சினின் தண்ணீர்ச் சுவரிலும் படிகிறது. படிவு சூட்டைக் கடத்தாது. ஆகவே தண்ணீர் நிறைந்திருந்தும் எஞ்சின் கொதிக்கும். மழைநீரைப் பிடித்து இரண்டு கேன் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதற்கும் போதும். கையேடு கூலன்ட் ஊற்றச் சொன்னால் அதையே ஊற்றவும். ரேடியேட்டர் உள்ள வண்டியில் கடலைச் சருகும் மஞ்சள் இலைத்தூளும் துடுப்புகளை அடைக்கும். எஞ்சின் ஆறிய பின் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மெல்லிய தூரிகையால் நீக்கவும். கம்பியால் குத்தினால் துடுப்பு மடங்கும்.

கொதிக்கும் வண்டியின் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆவி முகத்தில் அடிக்கும். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் தலைப்பாகம் வெடிக்கலாம். நிழலில் நிறுத்தி அரை மணி நேரம் பொறுங்கள்.

பெல்ட், கிளட்ச், கத்தி

வி-பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் தாழ வேண்டும். அதிகம் தாழ்ந்தால் வழுக்கிச் சூடேறும். சிறிதும் தாழாவிட்டால் பேரிங் கெடும். கிறீச்சிட்டால் எண்ணெய் தடவுபவர்கள் இருக்கிறார்கள். பெல்ட்டுக்கு எண்ணெய் நஞ்சு. ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றாமல் தொகுதி முழுவதையும் மாற்றவும். பழைய பெல்ட்டுகள் நீண்டிருக்கும். புதியது மட்டும் முழுப் பளுவையும் சுமந்து சீக்கிரம் அறுந்துபோகும். பெல்ட்டின் மேலுள்ள தகர மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கம் நம் ஊரில் அதிகம். வேட்டி நுனியும் சேலைத் தலைப்பும் சிக்கிக்கொள்வது அங்கேதான்.

கைப்பிடியின் அடியிலுள்ள திருப்புக் கிளட்ச்சுகளின் கம்பியை மாதம் ஒருமுறை சோதித்து, மூட்டுகளில் கிரீஸ் இடவும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒன்றைத் தவறாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும்: சமதளத்தில் இடது கிளட்ச்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது அதையே பிடித்தால் வலப்பக்கம் திரும்பும். பிடித்த பக்கத்துச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருள்வதே காரணம். கொல்லிமலை அடிவாரத்து மேட்டு நிலங்களிலும், வாய்க்கால் கரையில் ஏறி இறங்கும் இடங்களிலும் வண்டி கவிழ்வதற்கு இது ஒரு காரணம். சரிவில் கிளட்ச்சைத் தொடாமல், தாழ்ந்த கியரில், கைப்பிடியைத் தள்ளித் திருப்ப வேண்டும்.

ரொட்டவேட்டர் கத்திகளில் இடம் வளைந்தவை, வலம் வளைந்தவை என இரண்டு வகை. கழற்றுமுன் எது எங்கே இருந்தது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளவும். மாற்றிப் பூட்டினால் வண்டி குலுங்கும். மண்ணும் ஒருபக்கமாக அள்ளி எறியப்படும். புதுக் கத்தி பூட்டிய பிறகு ஒரு மணி நேரம் ஓட்டி, எஞ்சினை அணைத்து, போல்ட்டுகளை மறுபடி முடுக்கவும். கல் நிறைந்த நிலத்தில் இது தினசரி வேலை.

சிறு பெட்ரோல் எந்திரங்கள்

களையெடுக்கும் பவர் வீடர், புல் வெட்டும் கருவி, முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பான் ஆகியவற்றில் முதலில் அறிய வேண்டியது அது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 25-க்கு 1 என்று குறித்திருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் மருந்து அளக்கும் மூடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள். கலக்க மறந்தால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் தனி அறையில் இருக்கும். பெட்ரோலில் கலக்கக் கூடாது. அண்ணன் வண்டிக்கு ஒன்று, தம்பி வண்டிக்கு ஒன்று என்று இருக்கும் வீடுகளில் கேன்களில் பெயிண்டால் எழுதி வைப்பது நல்லது.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பல வாரம் கார்புரேட்டரில் தங்கினால் நீர் தனியே பிரிந்து துவாரங்களை அடைக்கும். பழைய கருவிகளின் ரப்பர் தகடுகளையும் கெடுக்கும். களையெடுப்பு முடிந்து கருவியை வைக்கும்முன், தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மீந்தது தீர்ந்து தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். "போன தடவை நல்லா ஓடின மிசின், இப்ப கிளம்பவே இல்லைங்க" என்று வரும் முறையீடுகளில் பல இதனால் வருபவையே.

ஓய்வுக் காலத்தில்

உழவு இல்லாத மாதங்களில் வண்டி கெடுவது ஓடும் மாதங்களுக்குக் குறைந்ததன்று. வைக்குமுன் நன்றாகக் கழுவி, காயவைத்து, எஞ்சின் ஆயிலைப் புதிதாக மாற்றி, டீசல் தொட்டியை நிரப்பவும். கத்திகளிலும் பெயின்ட் போன இடங்களிலும் பழைய ஆயிலைத் தடவலாம். ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, இறுக்கம் தெரியும் இடத்தில் நிறுத்தவும். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதால் ஈரக்காற்று சிலிண்டருக்குள் புகாது. டயர்களுக்கு அடியில் கட்டை கொடுத்தால் பளு குறையும். மினி டிராக்டரின் பேட்டரியை இணைப்பு நீக்கி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யவும். பேட்டரித் தெளிப்பானையும் மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றாவிட்டால் அடுத்த பருவத்தில் பேட்டரி பயன்படாது.

வண்டியைக் கோழிப்பண்ணைக் கொட்டகையில் நிறுத்துவது நாமக்கல் பக்கத்தில் சாதாரணமாகக் காணும் காட்சி. கோழி எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பு வயரையும் பித்தளை இணைப்புகளையும் அரிக்கும்; தூசியும் இறகும் வடிகட்டியில் ஏறும். தனியாக ஒரு கீற்றுச் சாய்ப்பு போட்டுக்கொள்ளுங்கள். வைக்கோல் அருகில் இருந்தால் எலி வயரைக் கடிக்கும். புகைக்குழாய் வாயைத் தகர டப்பாவால் மூடி வைக்கவும். பருவம் தொடங்கும்போது அதை எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தவர்களும் உண்டு. மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கக் கூடாது. புகையிலுள்ள நஞ்சு வாசனை காட்டாமல் மயக்கிவிடும்.

வீட்டில் இருக்க வேண்டியவை அதிகம் இல்லை: ஒரு ஸ்பானர் தொகுதி, திருப்புளி, இடைவெளி அளக்கும் தகடு, கிரீஸ் துப்பாக்கி, ஒரு பெல்ட் தொகுதி, டீசல் வடிகட்டி ஒன்று, கத்தி போல்ட் பத்து, ஸ்பார்க் பிளக் ஒன்று. இவை ஆடி பிறக்குமுன் வீட்டில் இருந்தால் விதைப்பு வாரத்தில் சேலத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையினர் நடத்தும் எந்திரப் பராமரிப்பு முகாம்களுக்கு வீட்டிலிருந்து இரண்டு பேராகப் போய்வாருங்கள். ஓட்டுபவர் ஒருவர், மாலையில் வண்டியைத் துடைத்து வைப்பவர் ஒருவர். பல வீடுகளில் அந்த இரண்டாமவர் மனைவியோ பள்ளி முடித்த பெண்ணோதான். வடிகட்டிக் கிண்ணத்தின் கோட்டை அவர்களுக்குக் காட்டிவிட்டால் அது காயாமல் இருக்கும்.